சூத்திரம் இல்லாத பெறுமானம்

விரிதாள் ஒன்றை இன்னொருவருக்குக் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. கோப்பை அப்படியே கொடுத்தால், பெற்றவர் ஒரு கலத்தைத் தொட்டதும் அந்த எண் எந்தக் கலங்களிலிருந்து எந்தச் சூத்திரத்தால் வந்தது என்பது மேலேயுள்ள பட்டையில் தெரியும். எல்லாவற்றையும் நகலெடுத்துப் பெறுமானங்களாக மட்டும் ஒட்டிக் கொடுத்தால் எண் இருக்கும், அது வந்த வழி இருக்காது. பீடிஎஃப் ஆக்கி அனுப்புவதும் அச்சடித்து நீட்டுவதும் இந்த இரண்டாவது வகையே.

இரண்டாவது வகைக்கு நல்ல காரணங்கள் இல்லாமல் இல்லை. வேறு கோப்புகளிலிருந்து எண்களை இழுக்கும் சூத்திரம் மற்றவர் கணினிக்குப் போனதும் அறுந்துவிடும். சம்பள விபரம், கொள்முதல் விலை போன்றவற்றை எல்லோருக்கும் காட்ட முடியாது. மார்ச் 31இல் இருந்த நிலை பின்னர் மாறாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவும் கணக்காளர் பெறுமானங்களை உறைய வைப்பார். ஆனால் பெறுபவரின் நிலை அத்துடன் மாறிவிடுகிறது. அதுவரை சரிபார்க்கக்கூடியவராக இருந்தவர், இனி நம்ப வேண்டியவர் ஆகிறார்.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரையில், கல்முனை வீதியோரத்தில் இருக்கும் செட்டிபாளையம் போன்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்ளலாம். ஆலய பரிபாலன சபையின் வரவுசெலவு பொதுக்கூட்டத்தில் ஒரு தாளாக வாசிக்கப்படும். கூட்டும் சூத்திரம் 2ஆம் வரியிலிருந்து 30ஆம் வரிவரை என்று எழுதப்பட்டிருக்க, சடங்கின் கடைசி இரவில் வந்த உபயம் 31ஆம் வரியில் பதியப்பட்டிருந்தால் அது மொத்தத்தில் சேராது. கோப்புக் கையில் இருந்தால் இதைச் சாதாரண தர வகுப்பு மாணவரே கண்டுபிடிப்பார். வரிகள் அச்சில் இருந்தாலும் பொறுமையுள்ள ஒருவர் கூட்டிப் பார்ப்பார். மொத்தம் மட்டும் வாசிக்கப்பட்டால், வாசித்தவரின் முகத்தைத் தவிரப் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை.

இதே பிழை உலகளவிலும் நடந்தது. அரச கடன் மொத்த உற்பத்தியின் 90 வீதத்தைத் தாண்டிய நாடுகளில் சராசரி வளர்ச்சி −0.1 வீதம் என்று கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் என்ற பொருளியலாளர்கள் 2010இல் எழுதினார்கள். செலவைக் குறைக்கும் கொள்கைக்குப் பல அரசுகள் அந்த எண்ணை ஆதாரமாகக் காட்டின. 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் ஆசிரியர்களிடமே கேட்டு அசல் விரிதாளைப் பெற்றார். சராசரி எடுக்கும் சூத்திரம் 30ஆம் வரியில் தொடங்கி 49ஆம் வரிவரை போகாமல் 44ஆம் வரியில் நின்றிருந்தது. அவுஸ்திரேலியா, ஒஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கில் விழவில்லை. தரவு விடுபட்டது, எடை போட்ட முறை ஆகிய வேறு குறைகளையும் சேர்த்துத் திருத்தியபோது அந்தச் சராசரி 2.2 வீதமாக ஏறியது. மூன்றாண்டு காலம் உலகம் பார்த்தது பெறுமானத்தை மட்டுமே.

சூத்திரம் தெரியாமல் பெற்ற பெறுமானம் அறிவு ஆகுமா, அல்லது வெறும் நம்பிக்கையா? இந்தக் கேள்வி கணினியோடு பிறந்ததல்ல. அறிவு எந்த வழியால் வருகிறது என்பதைத்தான் இந்திய மெய்யியல் முதலில் விசாரித்தது. சைவ சித்தாந்த நூல்களில் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பதியையும் பசுவையும் பேசுவதற்கு முன்பே அளவை இயலைப் பேசுகிறது. அளவைகள் பத்து என்று பிறர் சொன்னதைச் சொல்லி, அவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது. கண்ணால் காண்பது ஒன்று, கண்டதைக் கொண்டு ஊகிப்பது ஒன்று, அறிந்தவர் சொல்லக் கேட்பது ஒன்று. சூத்திரத்தோடு கிடைக்கும் கணக்கு கருதலில் சேரும். பெறுமானமாக மட்டும் கிடைப்பது உரை.

உரையைத் தனி அளவையாக எல்லோரும் ஏற்கவில்லை. உலகாயதர் மறுத்தனர். திங்நாகர் வழிவந்த பௌத்தர்கள் அதை அனுமானத்துக்குள், அதாவது கருதலுக்குள், அடக்கினார்கள்: சொன்னவர் நம்பத்தக்கவர், ஆகவே சொன்னது சரியாயிருக்கும் என்று நாம் ஊகிக்கிறோம், அவ்வளவுதான். மீமாம்சகர் நேர் எதிர்ப்பக்கம் நின்றனர். ஓர் அறிவு தோன்றும்போதே மெய்யாகத்தான் தோன்றுகிறது, பின்னர் ஏதாவது வந்து மறுக்கும்வரை அதைச் சோதிக்கத் தேவையில்லை என்றனர். நியாய நூலார், சொன்னவர் யார் என்று கேட்டனர். அவர் பொருளை உள்ளபடி அறிந்தவரா, அறிந்ததை அப்படியே சொல்லும் விருப்பம் உள்ளவரா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்; இரண்டும் உள்ளவரே ஆப்தர். இந்தத் தகுதி முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றுதான் என்று வாத்ஸ்யாயனர் தம் உரையில் எழுதிவைத்தார். அந்த ஒரு வரியின் துணிவு பிற்காலத்தில் போதிய அளவு மதிக்கப்படவில்லை.

இந்த நிலைகளை மோதவிட்டுப் பார்ப்பதற்குத் தமிழரிடம் ஒரு நல்ல களம் இருக்கிறது: பஞ்சாங்கம். ஈழத்துத் தமிழ் வீடுகளில் சித்திரை வருடப்பிறப்பு வரும்போது மருத்துநீர் வைக்கவும் கைவிசேடம் கொடுக்கவும் இரண்டு நேரங்கள் அச்சாகின்றன. ஒன்று வாக்கிய பஞ்சாங்கத்தின்படி, மற்றது வானத்தோடு ஒத்துவரக் கணக்கிடும் திருக்கணிதத்தின்படி. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, பெறுமானத்துக்கும் சூத்திரத்துக்கும் உள்ள வேறுபாடே.

வாக்கிய முறை வானத்தை அன்றன்று கணக்கிடுவதில்லை. சந்திரன் பூமிக்கு மிகத் தொலைவான புள்ளியிலிருந்து புறப்பட்டு அதே புள்ளிக்குத் திரும்ப ஏறத்தாழ 27.55 நாள் ஆகும். அப்படி ஒன்பது சுற்றுக்கு மிக நெருங்கிய முழு எண்ணாக 248 நாள் வருகிறது. அந்த 248 நாளிலும் சந்திரன் எங்கே நிற்கும் என்பதை யாரோ ஒருமுறை கணக்கிட்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு வாக்கியமாகக் கட்டிவைத்தார்கள். எழுத்துக்கு எண் என்ற கடபயாதி முறைப்படி வாக்கியத்தின் எழுத்துகள் இராசி, பாகை, கலையாக விரியும். முதல் நாள் வாக்கியம் தருவது 12 பாகை 3 கலை. 248ஆம் நாள் முடிவில் சந்திரன் 27 பாகை 44 கலை முன்னேறி நிற்கும். அடுத்த சுற்றுக்கு அந்த மிகையைக் கூட்டி மறுபடியும் முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கலாம். நீண்ட காலத்துக்கு 3031 நாள், 12372 நாள் என்ற பெரிய சுற்றுகளும் உண்டு. இவை முறையே 110, 449 சுற்றுகள். இந்த வாக்கியங்களை மரபு வரருசிக்கு உரியதாகச் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கங்களின் அடி நூலான வாக்கியகரணம் 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது.

கணிப்பவருக்கு இதில் வேண்டியது கூட்டலும் கழித்தலும் மட்டுமே. சைன் அட்டவணை தேவையில்லை, சந்திரனின் பாதை பற்றிய கொள்கையும் தேவையில்லை. பெறுமானங்களை ஒட்டி அனுப்பிய தாள் இது. தாளுக்குப் பதில் நினைவில் இருந்தது என்பதே வேறுபாடு.

எவ்வளவு தூரம் இது வேலை செய்தது என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு, இருவரும் புதுச்சேரியில் கண்டவர்கள். 1769இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்து மேகத்தால் ஏமாந்த பிரெஞ்சு வானியலர் லெ ஜாந்தீல், கிரகணம் கணிக்கும் முறையை அங்கே ஒரு தமிழரிடம் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணிதம் 41 விநாடி குறைவாகச் சொன்னது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான மாயரின் கணக்கு 68 விநாடி கூடுதலாகச் சொன்னது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, காலசங்கலிதம் என்ற நூலை 1825இல் சென்னையில் வெளியிட்ட ஜோன் வாரன், பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவரைச் சந்தித்தார். அவர் பெயரைத் தம் காதில் விழுந்தபடி ‘சாமி நாடன் சாஷியா’ என்று வாரன் குறித்தார். அந்த மனிதர் தரையில் சிப்பிகளை அடுக்கி நகர்த்தியபடி, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களிலிருந்து 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் 4 நிமிடமும் நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் வானத்தோடு வேறுபட்டன. தாம் செய்யும் கணக்கின் கொள்கை அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது என்று வாரன் சற்று இளக்காரமாகவே எழுதினார். 1952இல் இந்தக் கணக்கை மீண்டும் ஆராய்ந்த ஓட்டோ நொய்கபௌவருக்கு அது இளக்காரமாகப் படவில்லை. பாபிலோனிய மரபோடு உறவுள்ள ஒரு கணித முறை அறுபடாமல் வந்திருப்பதன் உயிருள்ள சான்றாக அவர் அதைக் கண்டார்.

தெரியாமலே சரியாகச் சொன்னவரை அறிந்தவர் என்பதா? நியாய நூலாரின் அளவுகோலில் அவர் ஆப்தர் அல்லர், ஆப்தரின் சொல்லைச் சுமந்து வந்தவர். சுமை சிதையாமல் வந்தது. சுமந்தவரின் நேர்மைக்கும் நினைவுக்கும் அதுவே சான்று. ஆனால் வழியில் அது பழையதாகிவிட்டதா என்பதை அவரால் சொல்ல முடியாது. இதுதான் சூத்திரமற்ற பெறுமானத்தின் உண்மையான குறை. அது பொய் சொல்வதில்லை. எப்போதிலிருந்து பொய் ஆகிறது என்பதை அறியாது.

பழையதாவது எப்படி என்பதை ஆண்டின் நீளத்தில் பார்க்கலாம். வாக்கிய மரபின் ஆண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. அதாவது 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. நட்சத்திரங்களை வைத்து அளக்கும் ஆண்டு இன்றைய அளவில் 6 மணி 9 நிமிடம் 10 விநாடி. ஆண்டுக்கு 3 நிமிடம் 20 விநாடி என்பது ஒருவர் ஆயுளில் கண்ணுக்குத் தெரியாது. நூறு ஆண்டில் ஐந்தரை மணி நேரம் ஆகிவிடும்.

சந்திரனில் குறை வேறு வகையானது, இன்னும் சுவையானது. வாக்கியங்களுக்கு அடியில் மறைந்திருக்கும் சூத்திரம் சந்திரனுக்கு ஒரே ஒரு திருத்தத்தைத்தான் கொடுக்கிறது. அதன் உச்ச அளவு 5 பாகைக்குச் சற்றே அதிகம். உண்மையில் சூரியனின் ஈர்ப்பு சந்திரனின் பாதையைக் குலைப்பதால், அமாவாசையிலும் பூரணையிலும் மட்டும்தான் அந்தத் திருத்தம் 5 பாகை. இரண்டுக்கும் நடுவே, சந்திரன் பாதி தெரியும் அட்டமியை ஒட்டி, அது 7½ பாகைவரை போகும். ஆகவே வாக்கியக் கணிதம் பூரணையிலும் அமாவாசையிலும் வானத்தோடு நெருங்கி நிற்கிறது; சப்தமி, அட்டமியில் திதி முடிவு ஐந்து மணி நேரம்வரைகூட விலகலாம். தற்செயலாக நேர்ந்ததல்ல இது. பழங்கணிதர் தம் எண்களை உரசிப் பார்த்த கல் கிரகணம். கிரகணம் பூரணையிலும் அமாவாசையிலும் மட்டும் வரும். உரசிய இடத்தில் எண் பொன்னாக நின்றது. உரசாத இடத்தில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. இந்த நடுத் திருத்தத்தை இந்தியாவில் சிலர் கண்டும் இருந்தனர். 932ஆம் ஆண்டைச் சார்ந்த முஞ்சாலர் இரண்டாவது திருத்தம் ஒன்றைச் சொன்னார். ஒரிசாவின் சாமந்த சந்திரசேகரர் 19ஆம் நூற்றாண்டில் தாமே செய்த மூங்கில் கருவிகளால் அளந்து மேலும் திருத்தினார். வாக்கியங்களை மனனம் செய்தவர்களிடம் அவை போய்ச் சேரவில்லை. சூத்திரம் கையில் இல்லாதவருக்குத் திருத்தத்தை எங்கே செருகுவது என்று தெரியாதல்லவா?

செட்டிபாளையம் கண்ணகி அம்மன் கோயிலை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மட்டக்களப்புக் கண்ணகி கோயில்களில் ஆண்டுச் சடங்கு வைகாசிப் பூரணையை ஒட்டி வரும். கதவு திறந்து, கண்ணகி வழக்குரை படித்து, திருக்குளிர்த்தியோடு முடியும். கட்டாடியார் அல்லது கப்புகனார் எனப்படும் பூசகர் பின்பற்றும் பத்ததியும் பெறுமானங்களின் தொகுதிதான்: எந்தப் பொருள், எந்த வரிசை, எந்த நேரம் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. சடங்கின் நாள் பூரணையைச் சார்ந்திருப்பதால் வாக்கியமா திருக்கணிதமா என்ற வழக்கு அங்கே பெரிதாக எழ இடமில்லை. அதே ஊரில் கந்தசஷ்டி, நவராத்திரி அட்டமி, ஏகாதசி விரதம் பிடிப்பவர்களுக்குத்தான் இரண்டு பஞ்சாங்கமும் சில ஆண்டுகளில் இரண்டு நாளைக் காட்டும். மூல நூல்களைத் தேடிப் போகாமலே, எந்தத் திருநாளில் சண்டை வருகிறது என்பதை வைத்தே சந்திரக் கணிதத்தின் பலவீனம் எங்கே என்று ஒருவர் ஊகித்துவிடலாம்.

யாழ்ப்பாணத்தில் இந்த வழக்கு சமய வழக்காகவே நடந்தது. அங்கே பஞ்சாங்கக் கணிதத்தை 17ஆம் நூற்றாண்டில் அராலி இராமலிங்க முனிவர் தொடக்கிவைத்தார் என்பது மரபு. 1829இல் ஒரு சந்திர கிரகணத்தை ஒட்டி, வட்டுக்கோட்டைச் செமினரியின் அமெரிக்க மிஷனரிமார் உள்ளூர்ப் பஞ்சாங்கத்தின் நேரம் தவறு என்று முன்கூட்டியே அறிவித்தனர். கிரகணம் அவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தது. அவர்களின் நோக்கம் வானியல் மட்டுமல்ல. கிரகண நேரம் பிழையானால் அதைச் சொன்ன சாத்திரமும் பிழையாகும், சாத்திரம் பிழையானால் சமயமும் பிழையாகும் என்று காட்ட விரும்பினர். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி பலவீனமானது. ஆனால் நடுக் கண்ணியை வாத்ஸ்யாயனரே ஒத்துக்கொண்டிருப்பார். அவர்கள் மிலேச்சராயினும் அந்தக் கிரகணத்தைப் பொறுத்தவரை ஆப்தர்கள்.

வாக்கியத்தின் பக்கம் நின்றவர்கள் வேறொரு வாதத்தைக் கையில் எடுத்தார்கள்; அது இன்றும் பேசப்படுகிறது. கிரகணம் போலக் கண்ணுக்குத் தெரிவதற்குத் திருக்கணிதம் போதும். விரதமும் திதியும் கண்ணுக்குத் தெரியாத பலனுக்கானவை. அவற்றுக்கு முனிவர்கள் வகுத்த எண்களே அளவை. பல வாக்கிய பஞ்சாங்கங்கள் கிரகண நேரத்தை மட்டும் திருக்கணிதப்படி அச்சிடுவது இந்தப் பிரிவினையின்படிதான். வசதியான ஏற்பாடு. ஆனால் உரையை அளவையாக நிலைநாட்டிய நியாய நூலார் இதற்கு நேர்மாறாகச் சொன்னார்கள். மந்திரமும் ஆயுர்வேதமும் காணக்கூடிய இடத்தில் பலிக்கின்றன. ஆகவே அதே வாக்கிலிருந்து வரும் காணமுடியாத பகுதியையும் நம்புகிறோம் என்பது அவர்கள் வாதம். காணும் பகுதி காணாத பகுதிக்குப் பிணை நிற்கிறது. காணும் பகுதியை வேறொருவர் கணக்குக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, காணாத பகுதிக்கு மட்டும் பழைய எண்ணைப் பிடித்தால் பிணை போய்விடுகிறது. நிற்பது மீமாம்சகரின் நிலை மட்டுமே. அதுவும் நிற்கக்கூடிய நிலைதான். ஆனால் மறுப்பு வரும்வரை மெய் என்பதுதான் அதன் நிபந்தனை. மறுப்பு வர வழியே இல்லாத இடத்தில் அந்த நிபந்தனைக்குப் பொருள் இருக்காது.

வாக்கியத்துக்கு இதைவிட நல்ல ஆதரவு ஒன்று உண்டு. அதை ஆதரிப்போர் குறைவாகவே சொல்கிறார்கள். திருநாள் என்பது வானத்தின் நிகழ்ச்சி மட்டுமல்ல, ஓர் ஊர் ஒன்றாகக் கூடும் நாள். அதற்கு வேண்டியது எல்லோரும் ஏற்கும் ஒரு நேரம். திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் 29இல் மீனத்துக்குப் பெயர்ந்தபோது, திருநள்ளாறு கோயில் தான் பின்பற்றும் வாக்கியப்படி பெயர்ச்சி 2026இல்தான் என்று அறிவித்தது. கோளைப் பற்றிய கூற்றாக எடுத்தால் இது ஏறத்தாழ ஓராண்டுப் பிழை. கோயிலின் விழா நாளைப் பற்றிய முடிவாக எடுத்தால் பிழையே இல்லை; கோயில் தன் நாளைத் தானே குறித்துக்கொள்கிறது. கணக்காளர் மார்ச் 31ஐ உறைய வைத்தது போல. உறைந்த எண்ணை நடப்பு எண் என்று சொல்லாதவரை அதில் குற்றம் இல்லை.

அப்படியானால் சூத்திரம் உள்ள பக்கம் முழுக்க வெளிச்சமா? திருக்கணிதம் என்று இன்று கணிப்பவர் சந்திரனின் பாதையைத் தாமே முதலிலிருந்து தீர்ப்பதில்லை. 1955இல் மேகநாத் சாஹா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு இந்தியாவுக்கு ஒரே பஞ்சாங்கத்தைப் பரிந்துரைத்த பிறகு, கோள் நிலைகள் அரசாங்க எபிமெரிஸ் நூலாக ஆண்டுதோறும் வருகின்றன. கணினியில் கணிப்போர் பெரும்பாலும் ஒரு மென்பொருளுக்குள் இருக்கும் கோப்புகளிலிருந்து எடுக்கிறார்கள். அந்தக் கோப்புகள் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் அவதானங்களோடு பொருத்திக் கணித்த எண்களின் அடுக்கு. அவையும் பெறுமானங்கள்தான், நுட்பம் பலமடங்கு அதிகம் என்பதைத் தவிர. எந்தச் சூத்திரத்தைத் தோண்டினாலும் கொஞ்ச ஆழத்தில் யாரோ அளந்து சொன்ன ஓர் எண் வந்துவிடும். கருதலின் அடியில் உரை கிடக்கும், அதன் அடியில் யாரோ ஒருவரின் காண்டல்.

ஆனால் அந்த ஆய்வகத்தின் எண்களுக்குப் பதிப்பு எண் உண்டு, எந்த அவதானங்களோடு பொருத்தப்பட்டன என்ற குறிப்பு உண்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பு பழையதைத் தள்ளும். வாக்கிய மரபும் ஒரு காலத்தில் இதைச் செய்தது. 14ஆம் நூற்றாண்டில் கேரளத்தின் சங்கமகிராம மாதவர் 248 வாக்கியங்களையும் தூக்கிப்போட்டு, கலையோடு விகலையும் வரும்படி புதிதாக இயற்றினார். வடிவம் அதே வாக்கியம்தான். மனனம் செய்பவருக்குச் சூத்திரம் காட்டப்படவும் இல்லை. ஆனால் மாதவர் தாமே சூத்திரம் அறிந்தவர், 1431இல் பரமேசுவரர் வானத்தைப் பார்த்து எண்களைத் திருத்தியதும் அதே மரபில்தான். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் வழங்கும் வாக்கிய பஞ்சாங்கங்களுக்கு மாதவரின் பதிப்பு வந்து சேரவில்லை. அவை வரருசியின் எண்களிலேயே இருக்கின்றன.